நகமளவு தூக்கி நின்ற சீட்டு

சபையில் எல்லோருக்கும் அவள் சாவியம்மா. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. பழைய பதிவேட்டைப் புரட்டினால் கிடைக்கலாம். ஆலயத்தின் முன்கதவு, பின்கதவு, பீரோ, மணி அறை, கழிவறை என்று பதினோரு சாவிகளை ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் செருகியிருப்பாள். அவள் வந்தால் முதலில் சாவிச் சத்தம் வரும், ஆள் பின்னால் வருவாள். பிரசங்கத்தின்போது கண் அசந்துபோன பாடகர் குழு ஆண்கள் அந்தச் சத்தத்துக்குத் துள்ளி நிமிர்வார்கள். போதகரின் தொண்டைக்குக்கூட அந்தச் சக்தி கிடையாது.

இந்த ராஜ்யபாரம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற ஆறு நாளும் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. வார்டுகளிலிருந்து விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து விழும். ரத்தக்கறை பட்ட விரிப்பின் மூலையில் நர்சுகள் ஒரு முடிச்சுப் போட்டு அனுப்புவார்கள். முடிச்சைக் கண்டால் அதைத் தனியாக இழுத்துப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தெரியாமல் சுடுதண்ணீரில் போட்டுவிட்டால் முடிந்தது கதை. அந்தக் கறை அப்புறம் யார் தேய்த்தாலும் போகாது. இருபத்தேழு வருஷத்தில் ஒரு முடிச்சைக்கூட அவள் தவறவிட்டதில்லை. இது அவள் தானே சொல்லிக்கொள்ளும் பெருமை, உண்மையும்கூட.

அவளுடைய விசுவாசமும் அந்தச் சலவைக்கூடத்தில் பிறந்ததுதான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் நீராவிக் கொதிகலன் வெடித்தது. ஐந்து நிமிஷம் முன்னால்தான் சோப்புத்தூள் எடுக்க ஸ்டோருக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் அவள் நிற்கும் இடத்தில் சுவர் இல்லை. "என்னைக் கையைப் புடிச்சு வெளியே கூட்டிட்டுப் போனவர் ஒருத்தர் இருக்கார்" என்று அன்றைக்கு ஆரம்பித்தவள், அதற்குப் பிறகு எந்தக் கஷ்டம் வந்தாலும் அசைந்து கொடுக்கவில்லை. கட்டியவன் வேலை தேடி வேறு ஊருக்குப் போனான். வேலையும் கிடைத்திருக்கும், மற்றதெல்லாமும் கிடைத்திருக்கும், திரும்பி வரவில்லை. அப்போதும் அவள் காலை ஐந்து மணிக்கு முழங்கால் போடுவதை விடவில்லை. கொதிகலன் வெடித்த அன்று வெந்துபோன இரண்டு பெண்களை யார் கையைப் பிடிக்காமல் விட்டது என்று அவள் கேட்டுக்கொண்டதில்லை. தப்பித்தவர்கள் யார்தான் கேட்கிறார்கள்?

அவளுக்கு என்று இந்த உலகத்தில் இருந்தது ஒரே தம்பி. அம்மா போகும்போது அவனுக்கு ஆறு வயது, இவளுக்குப் பதினேழு. தூக்கி வளர்த்து, படிக்க வைத்துப் பார்த்து, படிப்பு ஏறாது என்று தெரிந்ததும் வெல்டிங் பழக விட்டு, கல்யாணமும் செய்து வைத்தாள். ஆறடி உயரம், கதவு மாதிரி முதுகு. நெருப்புப்பொறி முகத்துக்கு நேரே பறக்கும்போது அசையாதவன், ஊசி என்றால் மட்டும் முகம் வெளுத்துவிடுவான். "உனக்கு வளர்ந்தது உடம்பு மட்டும்தான்டா" என்று அவள் கிண்டல் செய்வாள். "மிச்சத்தை நீ வளர்க்கலையே அக்கா" என்பான் அவன்.

இப்போது அந்தச் சீட்டு விஷயத்துக்கு வருவோம்.

வருஷத்தின் முதல் ஞாயிறு காலை ஆராதனையில் வாக்குத்தத்தச் சீட்டு எடுப்பார்கள். சீட்டு என்றால் விரல் நீள அட்டை. அதில் வேதத்திலிருந்து ஒரு வாக்குறுதி அச்சடித்திருக்கும். வீட்டுக்கு ஒருவர் வந்து கண்ணை மூடி ஜெபித்துப் பெட்டிக்குள் கைவிட்டு ஒன்றை எடுப்பார். அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டுக்குக் கர்த்தர் கொடுத்த வார்த்தை அதுதான். சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள், கண்ணாடியில் ஒட்டுவார்கள், வியாதி வந்தால் தலையணைக்கடியில் வைப்பார்கள். அச்சடித்து வரும் தாளை முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டாகக் கத்தரித்து, பெட்டியில் செங்குத்தாக அடுக்கி, ஆராதனையில் ஏந்தி நிற்பது சாவியம்மாவின் வேலை.

முதல் சில வருஷம் அடுக்கினாள், நீட்டினாள், அதோடு சரி. பிறகு ஒரு வருஷம், மூன்று முறை கரு கலைந்த ஒரு பெண் கைவிட்டு எடுத்த சீட்டில் பிள்ளைகள் உன் மேசையைச் சுற்றி இருப்பார்கள் என்கிற மாதிரி வந்துவிட்டது. அவள் அங்கேயே மடங்கி உட்கார்ந்து அழுத அழுகை சாவியம்மாவின் நெஞ்சை அறுத்தது. 'இவ்வளவு சீட்டு இருக்கும்போது இதுவா இவள் கையில் வரவேண்டும்? நான் கொஞ்சம் பார்த்து வைத்திருக்கக் கூடாதா?' என்று மனசு அடித்துக்கொண்டது. அடுத்த வருஷம் பார்த்து வைத்தாள்.

வித்தை ஒன்றும் பெரிதில்லை. ஆள் வரிசையில் வரும்போதே அவருக்கென்று நினைத்து வைத்த சீட்டைக் கட்டைவிரல் நகத்தால் மற்றதைவிட ஒரு நகமளவு மேலே தூக்கிவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டு துழாவுகிற கை, தூக்கி நிற்பதில்தான் போய் இடிக்கும். பத்துக்கு ஒன்பது பேர் அதைத்தான் எடுத்தார்கள். துக்க வீட்டுக்கு ஆறுதல் போயிற்று. வேலை போனவனுக்குப் போஜனம் கிடைக்கும் என்று போயிற்று. "எப்படி எனக்குன்னே வந்திருக்கு பாருங்க!" என்று ஜனங்கள் கண் கலங்கினார்கள். ஒருமுறை, வாயைத் திறந்தால் தன் புராணம் பாடும் மூப்பர் ஒருவருக்குத் தாழ்மையுள்ளவர்களுக்கே கிருபை என்ற சீட்டைத் தூக்கி வைத்தாள். மனிதருக்கு உறைக்கும் என்று நினைத்தாள். அவரோ தன் தாழ்மைக்குக் கர்த்தர் கொடுத்த நற்சான்று என்று அதைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார்! அதற்குப் பிறகு யாரையும் திருத்தும் வேலை வைத்துக்கொள்ளாமல், ஆறுதலோடு நிறுத்திக்கொண்டாள்.

தப்பு என்று ஒருநாளும் தோன்றவில்லை. கர்த்தர் வேலையில் கொஞ்சம் கை கொடுக்கிறோம், அவ்வளவுதானே! பத்தொன்பது வருஷம் கை கொடுத்தாள்.

இருபதாவது வருஷத்துச் சீட்டு ஞாயிறுக்கு மூன்று வாரம் முன்னால் தம்பிக்கு வயிற்றில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுவலி என்று போனவன். வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் வீங்கிப்போயிருந்தது. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். பத்துப் பேருக்குச் செய்தால் ஒருவருக்கு மேசையிலேயே ஆபத்து வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். செய்யாமல் விட்டால்? "வெடிக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருப்பீங்க" என்றார்.

தம்பிக்கு அந்தப் பத்தில் ஒன்று மட்டும்தான் காதில் விழுந்தது. "வயித்தைக் கிழிப்பாங்களாம் அக்கா" என்று அவள் வீட்டில் வந்து உட்கார்ந்தவனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. "மயக்க மருந்து கொடுத்து எழும்பாமலே போனவங்க எத்தனை பேரு?" அவள் சும்மா இருக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டர் துணி எடுத்து வரும் ஆயாவைப் பிடித்து, ஆயா மூலம் அங்கே இருக்கும் மூத்த நர்சைப் பிடித்துக் கேட்டுவிட்டாள். நர்ஸ் சுற்றி வளைக்கவில்லை. "கூடப்பிறந்தவரா? அப்ப நாளைக் கடத்தாதீங்க. சீக்கிரம் படுக்கச் சொல்லுங்க."

அவனுக்குத் தைரியம் வேண்டும். கத்திக்குக் கீழே போய்ப் படுக்கிற தைரியம். அதை எங்கே வாங்கித் தருவது என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் ஆலயத்தைக் கூட்டித் துடைத்துவிட்டு, போதகர் அங்கி மாற்றும் உடுப்பு அறையில் உட்கார்ந்து சீட்டு அடுக்கினாள். தம்பிக்கென்று இரண்டு சீட்டைத் தனியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்று, தண்ணீரைக் கடந்தாலும் நெருப்பில் நடந்தாலும் நான் உன்னோடு இருப்பேன் என்று சொல்வது. மற்றது, நீ சாகமாட்டாய், பிழைத்திருப்பாய் என்று சொல்வது. முதல் சீட்டைக் கையில் எடுத்தாள். நெருப்பில் வேலை செய்கிறவனுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கூட இருப்பேன் என்கிறாரே தவிர, கரை சேர்ப்பேன் என்று அதில் இல்லையே! அக்காக்காரிக்கு அது போதவில்லை. கூட இருந்து என்ன செய்ய, பிள்ளை பிழைக்க வேண்டாமா? முதல் சீட்டைப் பெட்டியின் கடைசியில் செருகினாள். இரண்டாவதை முன்னால் வைத்தாள்.

மறுநாள் தம்பி வரிசையில் வந்தான். அவன் பெரிய விரல் நேராகப் போய் அதைத்தான் எடுத்தது. படித்தான். அக்காவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். மூன்று வாரத்துக்குப் பிறகு அவன் முகத்தில் பார்த்த முதல் சிரிப்பு அது. அப்பாடா என்று அவளுக்கு உடம்பே லேசானது.

அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் தம்பி எழுந்தான். அதுவரை சபையில் வாய் திறக்காதவன். "டாக்டர் ஒண்ணு சொன்னாரு. என் தேவன் வேற ஒண்ணு சொல்லியிருக்காரு" என்று சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினான். "நான் கத்தி வச்சுக்கப் போறதில்லை." ஆமென் என்று சபை அதிர்ந்தது. போதகர் இறங்கி வந்து அவனைக் கட்டிக்கொண்டார். தாழ்மை மூப்பர் முதல் ஆளாக எழுந்து கை தட்டினார்.

வாசலில் நின்ற சாவியம்மா இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டாள். கத்திக்குக் கீழே படுக்கக் கொடுத்த சீட்டை வைத்துக் கத்தியே வேண்டாம் என்கிறானே, பாவி!

ஆராதனை முடிந்ததும் அவனை மணி அறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "என்னடா உளறிட்டு வந்தே? பிழைப்பேன்னு சொன்னா ஆபரேஷன்ல பிழைப்பேன்னு அர்த்தம்டா! போய்ப் படு, அவர் பார்த்துப்பார்!"

"அப்படி அதுல போட்டிருக்கா?"

"எல்லாத்தையுமா போடுவாங்க?"

"அக்கா, எனக்கு வந்த சீட்டு சும்மா வந்திருக்குமா? நீயே சொல்லு" என்று கேட்டுவிட்டு மறுபடி அதே சிரிப்பு. அவன் கர்த்தரைச் சொல்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். நான்தான்டா எடுத்து வச்சேன், கர்த்தர் இல்லடா என்று ஒரே மூச்சில் முடிந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை விழுங்கினாள். சொன்னால் பத்தொன்பது வருஷத்துச் சீட்டும் அவள் தலையில் விடியும். கரு கலைந்தவள், வேலை போனவன், தாலி இழந்தவள் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். இடுப்புச் சாவி போகும். அதைவிட, அவனுக்கு இருக்கிற ஒரு பிடியையும் பறித்துவிட்டால் பயத்திலேயே செத்துவிடுவான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எது முதல் காரணம், எது கடைசிக் காரணம் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. எனக்கென்னவோ சாவிதான் என்று தோன்றுகிறது.

பிறகு சுற்றி வளைத்துச் செய்து பார்த்தாள். கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு வாரம் பேசாமல் இருந்தாள். போதகரிடம் போய், "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க பாஸ்டர்" என்றாள். "விசுவாசத்துல நிக்கிறவனை நான் எப்படிம்மா பின்னுக்கு இழுக்கிறது?" என்று அவர் கையை விரித்தார். காலை ஐந்து மணிக்கு முழங்காலில் நின்று கர்த்தரிடமே வாதாடினாள். "நான் சொன்னதை நீர் சொன்னதா எடுத்துக்கிட்டு அவனைக் காப்பாத்தும். இந்த ஒரு தடவை மட்டும்." வாக்குக் கொடுக்காதவரை வாக்கைக் காப்பாற்றச் சொல்லி நெருக்கினாள், பாருங்கள்.

நாலாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், பட்டறையில் ஒரு கதவுச் சட்டத்துக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தவன் முகமூடியைக்கூடக் கழற்றாமல் சாய்ந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது முடிந்துவிட்டிருந்தது. மேலே ஆளை அடையாளம் காட்டிவிட்டு, எங்கே போவதென்று தெரியாமல், கால் கொண்டுபோய்விட்ட இடத்துக்குப் போனாள், அது சலவைக்கூடம். அவசரப் பிரிவிலிருந்து அப்போதுதான் மூட்டை வந்து விழுந்தது. எந்த விரிப்பு அவனுடையது என்று தெரியவில்லை. மூட்டையில் இருந்த அத்தனையையும் தன் கையாலேயே துவைத்தாள்.

அடக்க ஆராதனையில் போதகர் அந்தச் சீட்டையே எடுத்துப் பிரசங்கம் செய்தார். வாக்கு பொய்க்கவில்லை, நம் சகோதரன் சாகவில்லை, பரலோகத்தில் பிழைத்திருக்கிறான் என்றார். ஜனங்கள் தலையாட்டினார்கள். அடடா, எப்படியும் கணக்கு நேராகிவிடுகிறது! பின்வரிசையில் இருந்த சாவியம்மாவுக்கு எழுந்து, "வாயை மூடுங்க" என்று கத்தவேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. எல்லோரும் போனபிறகு நாற்காலிகளை மடக்கி அடுக்கினாள்.

தம்பி மனைவி அதற்குப் பிறகு ஆலயத்துக்கு வரவில்லை. வீட்டில் தைத்துக்கொடுத்துப் பிழைத்தாள். சாவியம்மா வாரம் ஒருமுறை போவாள். இருவரும் தேநீர் குடிப்பார்கள், பேச்சு இருக்காது. 'இவள் கர்த்தர்மேல் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அந்தக் கோபம் உண்மையில் யார்மேல் வரவேண்டும் என்று எனக்குத் தெரியும்' என்ற நினைப்பே சாவியம்மாவைத் தின்றது. மறுபடி சீட்டு ஞாயிறு நெருங்கியது. அச்சடித்த தாள் வந்துவிட்டது. கத்தரித்து வைத்தாள், அடுக்க மட்டும் மனம் வரவில்லை. சனிக்கிழமை காலை, வருவது வரட்டும் என்று போய் அந்தத் தையல் இயந்திரத்துக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. சொன்னப்புறம் நீ என் மூஞ்சியில முழிக்கவே வேண்டாம்."

ஒன்றுவிடாமல் சொன்னாள். நகத்தையும் சொன்னாள், மடியில் வைத்த இரண்டு சீட்டையும் சொன்னாள். "கர்த்தர் உன்னை ஏமாத்தலைம்மா. நான்தான் ஏமாத்தினேன்" என்று முடித்தாள்.

தம்பி மனைவி இயந்திரத்திலிருந்து காலை எடுத்தாள். அதிர்ச்சி ஒன்றும் அவள் முகத்தில் இல்லை.

"எனக்குத் தெரியும் அண்ணி. அவருக்கும் தெரியும்."

"என்னம்மா சொல்றே?"

"கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டாரு. 'எங்க அக்கா நீட்டுற பெட்டியில ஒண்ணு மட்டும் தலை தூக்கி நிக்கும். அது நமக்குன்னு அவ எடுத்து வச்சது. அதைத்தான் எடுக்கணும்'னு. வருஷா வருஷம் அதைத்தானே எடுத்தாரு?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நீங்க என்னவோ அவர் கர்த்தரை நம்பிப் படுக்காம இருந்தாருன்னு நெனச்சீங்களா? அவர் நம்புனது உங்களை. 'அக்கா ஆஸ்பத்திரியில இருக்கா. விசாரிக்காம இருப்பாளா? டாக்டருங்க பேசுறதெல்லாம் அவ காதுல விழும். நான் பிழைக்கமாட்டேன்னா இந்தச் சீட்டை எனக்கு நீட்டுவாளா'ன்னாரு. சபையில சொல்றப்ப கர்த்தர் பேரைச் சொல்லிக்கிட்டாரு. உங்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு."

மணி அறைப் பக்கம் அவன் சிரித்த சிரிப்பு இப்போதுதான் புரிந்தது. விசாரிக்கத்தான் செய்தாள். சீக்கிரம் படுக்கச் சொல்லுங்க என்று காதால் கேட்டுவிட்டு வந்துதான் அந்தச் சீட்டைத் தூக்கி வைத்தாள். கொதிகலன் வெடித்ததிலிருந்து இவள் கர்த்தரை எப்படி நம்பினாளோ அப்படி அந்தப் பையன் இவளை நம்பியிருக்கிறான்.

"நீயாவது என்னை வந்து கேட்டிருக்கலாமே" என்றாள். அது கேள்வியாக வரவில்லை, முனகலாக வந்தது.

"கேட்டிருக்கலாம்தான். வேற மாதிரி சொல்லிட்டீங்கன்னா? எனக்கும் அந்தச் சீட்டு வேணும்போல இருந்துச்சு." இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. "நாளைக்கு எனக்கு எதை எடுத்து வச்சிருக்கீங்க அண்ணி?"

சாவியம்மா எழுந்து வந்துவிட்டாள். ஆலயத்தைத் திறந்து, உடுப்பு அறையில் உட்கார்ந்து, முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டையும் தரையில் கொட்டிக் கலைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, எழுத்து எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல் அள்ளி அள்ளிப் பெட்டியில் அடுக்கினாள். மேல் விளிம்பை மரத்துண்டால் தட்டிச் சமமாக்கினாள். ஜெபம் செய்யலாம் என்று பார்த்தாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. கேட்காமலே சற்று நேரம் முழங்காலில் இருந்தாள். அந்த இருப்பில் ஆறுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் கை எந்தச் சீட்டிலும் இல்லை.

ஞாயிறு காலை வரிசை நகர்ந்தது. மூப்பர் எடுத்தார், பாடகர் குழு எடுத்தது. கரு கலைந்த அந்தப் பெண் எடுத்துப் படித்துவிட்டு ஒன்றும் விளங்காமல் திருப்பிப் பார்த்தாள். சாவியம்மா கட்டைவிரலைப் பெட்டிக்கு அடியில் மடக்கி வைத்திருந்தாள். நிமிர்ந்தபோது எதிரே தம்பி மனைவி நின்றாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அன்றுதான் வந்திருந்தாள்.

மற்றவர்கள்போல் அவள் கண்ணை மூடவில்லை. பெட்டியைக் குனிந்து பார்த்தாள். ஒரு சீட்டும் தூக்கி நிற்கவில்லை.

"எதை எடுக்கணும்?" என்று மெல்லக் கேட்டாள்.

"தெரியலம்மா" என்றாள் சாவியம்மா. "சத்தியமா எனக்குத் தெரியல."

தம்பி மனைவி நிமிர்ந்தாள்.

"இதே வார்த்தையை அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி."

கையை உள்ளே விடாமலே திரும்பிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அடுத்து நின்றவர் கண்ணை மூடிக் கையை நீட்டினார். சாவியம்மா பெட்டியை நேராகப் பிடித்தாள்.